எந்த இடுப்பு நோகிறது?

தமிழில் ‘இடுப்பு வலி எடுத்துவிட்டது’ என்றால் வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது. ‘இடுப்புப் பிடித்துக்கொண்டது’ என்றால் முதுகின் அடிப்பகுதி. ‘இடுப்பில் குடம்’ என்றால் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும் எலும்பு மேடு. ‘கிழவி விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறாள்’ என்றால் முறிந்தது பெரும்பாலும் தொடையெலும்பின் கழுத்து. இடம் நான்கு, சொல் ஒன்று. இலங்கைத் தமிழில் முதுகின் அடிப்பகுதிக்கு ‘நாரி’ என்ற தனிச்சொல் இருப்பதால் ஓரளவு தெளிவு உண்டு. ஆனாலும் நாரியையும் இடுப்பையும் மாற்றிமாற்றிச் சொல்லும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தொடையெலும்பு இடுப்பெலும்போடு பொருந்தி, முழு உடலையும் தாங்கி நடக்கவைக்கும் அந்தப் பந்துக்கிண்ண மூட்டுக்கு மட்டும் பேச்சுவழக்கில் உறுதியான பெயர் கிடையாது.

பெயர் இல்லாத இடத்தில் வரும் நோவு, பெயர் உள்ள இடத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

“எங்க உம்மா நோகுது?”

“இடுப்புல டொக்டர். ஆறு மாசமா.”

உம்மா கையை முதுகுப் பக்கம் காட்டினாரா, தொடைச்சந்தில் வைத்தாரா என்று யாரும் பார்க்காவிட்டால், அந்தப் பேச்சு சில மாத்திரைகளிலும் ஒரு பூச்சுமருந்திலும் முடிந்துவிடும். இருவர் சொன்னதிலும் பிழையில்லை. இருவரும் வேறு வேறு இடத்தை நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

வண்ணாத்திவில்லு போன்ற ஊரில் இந்தச் சிறு தவறு பெரிய விலை கேட்கும். புத்தளம் நகருக்கு வடக்கே, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் வில்பத்துக் காடுமாக நீண்டு கிடக்கும் பிரதேசம் இது. எழுவன்குளம், கரைத்தீவு, சேரக்குளி, கலா ஓயா களப்பில் கலக்கும் கங்கேவாடி என்று ஊர்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. பரப்பு பெரிது, சனம் குறைவு. களப்பிலும் கடலிலும் மீன்பிடி, கஜுத் தோட்டம், சேனை, அறுவைக்காட்டில் சுண்ணாம்புக்கல் அகழ்வு. எதுவுமே கதிரையில் இருந்து செய்யும் வேலை அல்ல. எலும்பு மூட்டுச் சிறப்பு வைத்தியரைப் பார்ப்பதென்றால் புத்தளத்துக்கும், சில வேளை அதையும் தாண்டிச் சிலாபம், குருநாகல், அனுராதபுரம், கொழும்பு வரைக்கும் போக வேண்டும். நோகும் காலோடு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து போகிறவர், இடத்தைச் சரியாகக் காட்டாமல் திரும்பி வந்தால் அடுத்த பயணத்துக்கு மாதங்கள் ஆகலாம். அதற்குள் மூட்டு காத்திருக்காது.

எனவே முதலில் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

உண்மையான இடுப்பு மூட்டு உடம்புக்குள் ஆழத்தில், தொடைச்சந்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது நோகும்போது பெரும்பாலானவர்களுக்கு வலி தெரிவது முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில். சிலர் பெருவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து, இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். எலும்பு வைத்தியர்கள் அந்தக் கைப்பிடியைப் பார்த்தவுடனே மூட்டைச் சந்தேகிப்பார்கள். காலுக்குச் செருப்புப் போடக் குனிவது, சாரத்தைத் தூக்கிக் கட்டிக் குந்துவது, மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுவது, தொழுகையில் இருந்து எழும்புவது ஆகியவை முதலில் கடினமாகும். கால் உள்பக்கமாகத் திரும்ப மறுக்கும்.

பிட்டத்தில், பின்பக்கமாக, சில வேளை காலின் பின்புறம் வழியே முழங்காலுக்குக் கீழும் இறங்கும் நோவு பெரும்பாலும் நாரியின் வேலை. முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் நரம்பு நெரிபட்டு வருவது. ‘நரம்பு இழுக்குது’ என்று சனம் சொல்வது இங்கே ஏறக்குறைய சரி. மூன்றாவது இடம் பக்கவாட்டில், தொடையின் மேல்முனையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முட்டு. அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் நித்திரை வராது, மாடிப்படி ஏறினால் குத்தும், விரலால் அழுத்தினால் துடிக்கவைக்கும். மூட்டுக்கு அதில் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. பிட்டத் தசைகளை எலும்போடு பிணைக்கும் தசைநார் நைந்துபோயிருக்கும்.

முன்னால், பின்னால், பக்கத்தில். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. வைத்தியரிடம் ‘இடுப்பு நோகுது’ என்று சொல்வதற்குப் பதிலாக ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மற்றப் பாதியைக் கெடுப்பது முழங்கால். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளில் சில முழங்காலுக்கும் கிளை விடுகின்றன. அதனால் இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முழங்காலில் மட்டும் நோவாகத் தெரிவது அபூர்வமல்ல. முழங்காலை எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டால், மேலே ஒரு மூட்டு மெல்லக் கெட்டுக்கொண்டிருப்பது தெரியாமலே போகும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இது ஆபத்தானது. பத்து முதல் பதினைந்து வயதுக்குள், குறிப்பாக உடல் பருத்த பிள்ளைகளுக்கு, தொடையெலும்பின் தலை வளர்ச்சிக்கோட்டில் இருந்து நழுவிவிடும் நோய் ஒன்று உண்டு. பிள்ளை முழங்கால் நோவென்று நொண்டும். விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிட்டால், ஒரு நாள் எலும்புத்தலை முழுவதும் நழுவி, நிரந்தர ஊனத்தில் கொண்டுபோய் விடும். அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு, நாலு முதல் எட்டு வயதுவரை, எலும்புத்தலைக்கு இரத்தம் குறைந்து அது நொறுங்கும் பெர்தெஸ் நோய் வரலாம். 1910இல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் மூன்று வைத்தியர்கள் தனித்தனியே அதை விவரித்தார்கள். இவை இரண்டையும்விட அவசரமானது, காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் பிள்ளை. மூட்டுக்குள் சீழ் கட்டியிருந்தால் கணக்கு மணித்தியாலத்தில்தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் தாய்மார் பிள்ளையைக் காலை விரித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுதான் பாதி வேலையைச் செய்கிறார்கள். அந்த நிலையில் பிள்ளையின் தொடையெலும்புத் தலை கிண்ணத்துக்குள் ஆழமாக அமர்கிறது. பிறவியிலேயே மூட்டு விலகும் குறைபாடு, இப்படிச் சுமக்கும் சமூகங்களில் குறைவு. குழந்தையின் கால்களை நீட்டிச் சேர்த்துப் பலகையில் கட்டிச் சுமந்த வட அமெரிக்காவின் நவஹோ மக்களிடம் அதிகம். ஜப்பானில் 1970களில், சிசுவின் கால்களை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுவதும் பிரச்சாரம் செய்தார்கள். அதன்பின் அங்கே இந்தக் குறைபாடு வெகுவாகக் குறைந்தது. இடுப்பில் பிள்ளை சுமப்பதை யாரும் வைத்தியமென்று சொல்லித்தரவில்லை. ஆனால் அது வைத்தியமாகவே இருந்திருக்கிறது.

இனி வேலையும் வயதும்.

குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்குபவர்களுக்கு இடுப்பு மூட்டு சீக்கிரம் தேயுமா? இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் நடத்தி 1992இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்து ஆண்டுகளுக்கு மேல் விவசாயம் செய்தவர்களிடம் இடுப்பு மூட்டுத் தேய்வு, இருந்த இடத்தில் வேலை செய்பவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தது. களப்பில் வலை இழுப்பவரும் சேனை வெட்டுபவரும் அந்தக் கணக்கைக் கேட்டால் பயப்படுவார்கள். ஆனால் ஆசியாவில் படம் கொஞ்சம் வேறு. பீஜிங் நகரின் முதியவர்களை எக்ஸ்ரே எடுத்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு மூட்டுத் தேய்வு அமெரிக்க வெள்ளையர்களைவிட 80 முதல் 90 சதவீதம் குறைவாக இருந்தது. முழங்கால் தேய்வில் அப்படியொரு சலுகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆசியர்களின் மூட்டுக்கிண்ணம் அமைந்த விதம், சிறுவயது முதல் குந்திப் பழகியது என்று காரணங்களைத் தேடுகிறார்கள். எது எவ்வளவு என்று இன்னும் முடிவாகவில்லை.

தேய்வு குறைவென்றால் நம் பக்கத்து இடுப்பு மூட்டுகள் எதனால் கெடுகின்றன? இந்தியாவின் இடுப்பு, முழங்கால் அறுவை வைத்தியர்கள் சங்கத்தின் பதிவேடு ஒரு பதில் தருகிறது. அங்கே மூட்டு மாற்று அறுவைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய், தொடையெலும்புத் தலைக்கு இரத்தோட்டம் நின்று எலும்பு செத்துப்போனது. மேற்கு நாடுகளில் முதல் காரணம் முதுமைத் தேய்வு. இங்கே நடுவயதில், சில வேளை முப்பதுகளிலேயே, எலும்புத்தலை இடிந்து விழுகிறது. விழுந்த அடி, அரிவாள் செல் இரத்தசோகை எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் மனிதர் கையில் இருக்கும் பெரிய காரணங்கள் இரண்டு: ஸ்டெரொயிட் மருந்தும் மதுவும்.

ஸ்டெரொயிட் உயிர் காக்கும் மருந்து. வைத்தியர் அளந்து கொடுக்கும்போது அதைப் பயந்து நிறுத்தக் கூடாது. பிரச்சினை அளக்காமல் எடுப்பதில் இருக்கிறது. மூச்சிழுப்புக்கும் மூட்டு நோவுக்கும் பழைய துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கும் குளிசை, என்ன கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ‘ஒரே நாளில் குணம்’ தூள் என்று அது வீட்டுக்குள் வருகிறது. எடுத்தவுடன் நோவு பறந்துவிடும். அதனாலேயே சனம் நம்புகிறது. மாதக்கணக்கில் நீளும்போது எலும்புத்தலைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. கசிப்பைத் தினமும் குடிப்பவருக்கும் வழி வேறு, முடிவு அதே. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். அப்போதே பிடித்தால் எலும்பைத் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. இடிந்தபிறகு மாற்று மூட்டுத்தான்.

நோவுக்குளிசைகளிலும் ஓர் எச்சரிக்கை. டைக்ளோபெனக், இபுபுரூபன் வகை மருந்துகள் மூட்டு நோவைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் வருத்தும். பக்கத்து வட மத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து, காரணம் முழுதும் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களைத் தின்றுவருகிறது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்யும் உலர்வலயத்து மனிதர், சிறுநீரகம் எப்படியிருக்கிறதென்று பார்க்காமல் இந்தக் குளிசைகளை மாதக்கணக்கில் விழுங்குவது நல்லதல்ல.

ஒரு ஊரின் நோவுக்குப் பெயர் கண்டுபிடிப்பதே எவ்வளவு நீண்ட வேலை என்பதற்குக் கர்நாடகத்தில் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. சிவமொக்கா மாவட்டம் சாகர் தாலுகாவில் ஹண்டிகோடு என்ற கிராமம். 1970களின் நடுப்பகுதியில், அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் சலுவாதி, சனங்கி என்ற ஏழைத் தலித் சமூகங்களைச் சேர்ந்த பலருக்கு இடுப்பு மூட்டு நோவு தொடங்கியது. நடை கெட்டது, சிலர் தவழும் நிலைக்குப் போனார்கள். வயல் நண்டும் மீனும் அவர்களின் உணவு. வயலுக்கு அடித்த பூச்சிமருந்து நண்டு வழியாக உடம்பில் ஏறியிருக்கும் என்று முதலில் சந்தேகித்தார்கள். நண்டு தின்னும் நம் களப்புக் கரை ஊர்களுக்கும் அந்தச் சந்தேகம் எளிதில் புரியும். ஊட்டக்குறைவையும் ஆராய்ந்தார்கள். ஆண்டுகள் ஓடின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு வீடு வீடாகக் குடும்ப மரம் வரைந்து பார்த்தபோதுதான் விடை வந்தது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு இறங்கக்கூடிய, எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரை நோய் அது. இப்போது மருத்துவ நூல்களில் அந்தக் கிராமத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. பூச்சிமருந்து என்று முடிவு கட்டிக் கைகழுவியிருந்தால் அந்த மக்களுக்கு உண்மை கிடைத்திருக்காது. விடை கிடைத்தது, நோயாளிகளைத் தொட்டுப் பார்த்து, குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டவர்களால்.

பக்கவாட்டு நோவுக்கு வருவோம். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணும் இடுப்பு நோவு இது. ‘வாதம்’ என்று தைலம் தேய்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 204 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு சோதனை செய்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும் அன்றாடப் பழக்கம் பற்றிய விளக்கமும், இன்னொன்றுக்கு ஸ்டெரொயிட் ஊசி, மூன்றாவதைச் சும்மா கவனித்தார்கள். எட்டு வாரத்தில் பயிற்சிக் குழுவில் 77 சதவீதம் பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஊசி போட்டவர்களில் 58, சும்மா இருந்தவர்களில் 29. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிக் குழு தன் இடத்தில் நின்றது.

பயிற்சி என்றால் இயந்திரமோ ஜிம்மோ தேவையில்லை. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் சிறிது நகர்த்துவது. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது. ஒவ்வொன்றும் சிலசில தடவை, நாளாக ஆக அதிகமாக. அதோடு பழக்கம்: பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்து நிற்பதையும் கால்மேல் கால் போடுவதையும் விட வேண்டும். பாயில் சரிந்து படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வேண்டும். புத்தளம் வைத்தியசாலையின் இயன்மருத்துவரை ஒரு தடவை பார்த்து முறையாகக் கற்றுக்கொண்டால் மற்றது வீட்டிலேயே நடக்கும்.

மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டிய பௌதிகம் ஒன்று. பெர்லினில் கேயார்க் பெர்க்மனும் குழுவினரும் மாற்று மூட்டுக்குள்ளேயே அளவுகருவியை வைத்து, நடக்கும் மனிதரின் இடுப்பு மூட்டில் விழும் பாரத்தை நேரடியாக அளந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையின் 2.4 மடங்கு. 60 கிலோ மனிதருக்கு ஒவ்வொரு அடியிலும் 140 கிலோவுக்கு மேல். படியில் இன்னும் கூடுகிறது. தடுக்கி விழப்போய்ச் சமாளித்த ஒரு கணத்தில் எட்டு மடங்கையும் தாண்டியது. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் பிட்டத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. எடையோடு அந்த இழுவையும் சேர்ந்து மூட்டை அழுத்துகிறது.

இதில் இருந்து இரண்டு காரியங்கள் பிறக்கின்றன, இரண்டும் நாம் வழக்கமாகச் செய்வதற்கு எதிர். ஒன்று, கைத்தடியை நோகும் காலின் பக்கத்தில் பிடிக்கக் கூடாது. எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு நோகிறதென்றால் தடி இடது கையில். அப்போதுதான் பிட்டத் தசையின் இழுவை குறைந்து மூட்டுக்கு ஆறுதல் கிடைக்கும். ஊரில் தடி ஊன்றும் பெரியவர்களைப் பார்த்தால், பலர் நோகும் பக்கமே ஊன்றிக்கொண்டு நோவையும் சுமந்து நடக்கிறார்கள். மற்றது, ஒரு கையில் வாளித் தண்ணீரோ பையோ தூக்க வேண்டுமென்றால், அதை நோகும் பக்கத்துக் கையில் தூக்க வேண்டும். நல்ல பக்கத்தில் தூக்கினால் மறுபக்கத் தசை அதற்கும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். இரண்டு கையிலும் பாதிப்பாதியாகப் பிரித்துத் தூக்குவது இன்னும் நல்லது. கிணற்றில் இருந்தும் பவுசரில் இருந்தும் தண்ணீர் சுமக்கும் வீடுகளில் இந்த ஒரு விஷயம் எந்தப் பூச்சுமருந்தையும்விடப் பயன் தரும்.

எடை கூடியவர் நாலைந்து கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடியிலும் பத்துக் கிலோவரை மூட்டுக்கு மிச்சம்.

எல்லாம் செய்தும் மூட்டு தாங்காத நாள் வரும். அப்போது அறுவையைத் தள்ளிப்போடுவதில் பெருமை ஒன்றும் இல்லை. டென்மார்க்கில், கடுமையான இடுப்பு மூட்டுத் தேய்வு உள்ள 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு மாற்று மூட்டும் மறு பாதிக்குப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் இரு பக்கமும் தேறின. ஆனால் அறுவை செய்தவர்களின் முன்னேற்றம் புள்ளிக்கணக்கில் மூன்று மடங்குக்கும் மேல். பயிற்சிக்குப் பலன் இருக்கும் காலம் ஒன்று, அறுவைக்குரிய காலம் ஒன்று. அதைப் பிரித்துச் சொல்வதுதான் வைத்தியரின் திறமை.

மாற்று மூட்டின் வரலாறு யானைத்தந்தத்தில் தொடங்கியது. 1891இல் பெர்லினில் தெமிஸ்தொக்லெஸ் குளுக் தந்தத்தில் மூட்டு செய்து பார்த்தார். நிலைக்கவில்லை. ஆனால் நம்மைப்போன்ற ஏழை நாடொன்றில், பர்மாவின் மண்டலே பொது வைத்தியசாலையில், டொக்டர் சான் போ 1960இல் 83 வயது பௌத்த துறவிப் பெண் ஒருவருக்கு, முறிந்து பொருந்தாத தொடையெலும்புத் தலைக்குப் பதிலாகத் தந்தத்தில் செதுக்கிய தலையைப் பொருத்தினார். அங்கே தந்தம் இறக்குமதி உலோகத்தைவிட மலிவு. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படிச் செய்தார். 1969இல் லண்டன் மாநாட்டில் அதை விளக்கினார். கிராமத்துச் சனம் மீண்டும் குந்தவும் வேலை செய்யவும் முடிந்தது. கையில் கிடைத்த பொருளைக் கொண்டு ஒரு வைத்தியர் செய்த இந்தக் காரியம், மருத்துவ வரலாற்றில் இன்னும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டியது.

இன்றைய மூட்டின் தந்தை இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி. முதலில் டெப்லான் கிண்ணம் வைத்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, துகள்கள் எலும்பை அரித்தன. நூற்றுக்கணக்கானவர்களுக்கு மறுபடி அறுவை செய்ய நேர்ந்தது. 1962 நவம்பரில் புதிதாக வந்த அடர் பொலித்தீன் கிண்ணத்தைப் பொருத்தினார்; பழைய பொருளையும் புதியதையும் தன் தொடைக்குள்ளேயே வைத்தும் சோதித்தார். அதே அடிப்படையில்தான் இன்றும் செய்கிறார்கள். 2019இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மாற்று மூட்டுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. புதியது எல்லாம் நல்லதல்ல என்பதற்கும் சாட்சி உண்டு. உலோகத்தின்மேல் உலோகம் உரசும் டெப்யு நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு 2010 ஓகஸ்ட்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. உடம்புக்குள் வைத்த மூட்டு எந்த வகை என்று எழுதிய அட்டையை ஒவ்வொரு நோயாளியும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி நம் வாழ்க்கை முறையைச் சேர்ந்தது. நாம் நிலத்தில் வாழும் சனம். பாயில் படுக்கிறோம், நிலத்தில் இருந்து சாப்பிடுகிறோம், குந்தும் மலசலகூடத்தைப் பயன்படுத்துகிறோம், சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கிறோம், தேவாலயத்தில் முழந்தாளிடுகிறோம், விகாரையில் சம்மணமிடுகிறோம். மாற்று மூட்டு பொருத்திய முதல் வாரங்களில் ஆழமாக மடக்கினால் அது கழன்றுவிடும் அபாயம் உண்டு. எவ்வளவு காலத்துக்கு எந்த நிலை கூடாது என்று அறுவை செய்தவரிடமே விவரமாகக் கேட்க வேண்டும். வீட்டில் ஒரு கொமட்டும் உயரமான கதிரையும் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். முடியாதவர் கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு. பள்ளிவாசலின் பின்வரிசைக் கதிரையில் இருப்பதை வெட்கமாக நினைத்து அறுவையையே மறுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, விழுந்த முதியவர். இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 12 சதவீதத்துக்கு மேல். அதன்பின் இன்னும் கூடியிருக்கிறார்கள். எலும்பு மெலிந்த வயதில், இரவில் வெளியே மலசலகூடத்துக்குப் போகும் வழியிலோ கிணற்றடிப் பாசியிலோ வழுக்கி விழுந்தால் தொடையெலும்பின் கழுத்து முறிகிறது. முறிந்த கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். சிலருக்கு எலும்பு ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்பதால் இரண்டடி நடக்கவும் முடியும், அதை நம்பி ஏமாறக் கூடாது.

நம் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியர்களுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. கையெலும்பு, மணிக்கட்டு முறிவில் அவர்களில் பலருடைய கைப்பக்குவம் மதிக்கத்தக்கது. ஆனால் தொடையெலும்பின் கழுத்து வேறு கதை. அது மூட்டுறைக்குள் இருக்கிறது, வெளியில் இருந்து பத்தும் பட்டியும் அதைப் பிடிக்காது. முறியும்போதே எலும்புத்தலைக்குப் போகும் இரத்தம் அறுபடலாம். எண்ணெய்க்கட்டோடு மாதக்கணக்கில் படுத்திருக்கும் முதியவருக்குப் படுக்கைப் புண்ணும் நியூமோனியாவும் காலில் இரத்தக் கட்டியும் வருகின்றன. உலகெங்கும், இந்த முறிவு நேர்ந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர்வரை ஓராண்டுக்குள் இறக்கிறார்கள். இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, உடனேயே எழும்பி நடக்க வைப்பதுதான் அந்த எண்ணிக்கையைக் குறைக்கும் வழி. அந்த இரண்டு நாள் வண்ணாத்திவில்லில் இருந்து வரும் ஒருவருக்கும் கிடைக்க வேண்டுமென்றால், சிறப்பு வைத்தியரும் அறுவைக்கூடமும் புத்தளத்திலேயே எந்நேரமும் இயங்க வேண்டும். இது இரக்கத்தால் கேட்கும் சலுகை அல்ல, இலவச சுகாதாரம் தந்த உரிமை.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது சில. மலசலகூடத்துப் பாதையில் ஒரு மின்குமிழ், கிணற்றடியில் பாசி தேய்த்துக் கழுவுதல், கால் தடுக்காத நீளத்தில் சாரம், கண்புரை இருந்தால் வெட்டிக்கொள்ளுதல், முள்ளோடு தின்னும் சின்ன மீன் அடிக்கடி, காலை வெயிலில் சிறிது நேரம். மூத்தம்மா விழுந்துவிட்டால் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டாம். காலை இழுத்து நேராக்க வேண்டாம். முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்ற வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்துச் சேர்த்துக் கட்டி, படுத்தபடியே வைத்திருந்து, சுவசெரிய அம்பியுலன்சுக்கு அழையுங்கள். எண் 1990. கட்டணம் இல்லை.